புது ஐ.ஈ.எம். கையில் வந்ததும்: பர்ன்-இன், அம்ப் பொருத்தம், அவற்றுக்கு முன் பார்க்கவேண்டியவை

கொழும்பில் முதல்முறையாக ஐ.ஈ.எம். (காதுக்குழாய்க்குள் செருகிக் கேட்கும் சிறிய இயர்போன்) வாங்குபவருக்கு இரண்டு அறிவுரைகள் கட்டாயம் கிடைக்கும். "நூறு மணித்தியாலம் ஓடவிடுங்கோ, பிறகுதான் உண்மையான சத்தம் வரும்" என்பது ஒன்று, இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். "அம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) இல்லாமல் இது பாடாது" என்பது மற்றது. முதலாவதை நம்பிக் காத்திருந்தால், பழுதுச் சாமானைக் கடைக்காரர் மாற்றித் தரும் நாட்கள் கடந்துபோகும். இரண்டாவதை நம்பினால், ஐ.ஈ.எம்.மை விடக் கூடிய விலையில் தேவையற்ற பெட்டியொன்று மேசையில் வந்து உட்காரும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எதை எப்போது செய்வது என்ற வரிசை தெரிந்தால்தான் அந்த உண்மை பயன்படும். முதலில் பழுது பார்க்கவேண்டும், அடுத்து காதுக்குப் பொருத்தவேண்டும், அதன் பிறகே அம்ப். பர்ன்-இன் தானாக நடந்துகொள்ளும்.

வாங்கிய அன்றே செய்யவேண்டியது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவோ, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவோ, ஓன்லைனோ, எங்கே வாங்கினாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "பழுதென்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்?" பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு வருட உத்தரவாதம் என்பது பெரும்பாலும் திருத்தித் தருவதற்கான காலம். புதுச் சாமானாக மாற்றித் தரும் நாட்கள் அதைவிட மிகக் குறைவு.

அன்றிரவே போனின் செற்றிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் மோனோ ஓடியோவைப் போடுங்கள், இரு காதிலும் ஒரே ஒலி வரும். ஒருவர் தனியாகப் பேசும் பதிவொன்றை ஓடவிட்டால் குரல் மூக்குக்கு நேரே நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே கடைக்கு ஓடவேண்டாம். இடப்பக்கத்தை வலக்காதிலும் வலப்பக்கத்தை இடக்காதிலும் மாற்றிப் போடுங்கள். சாய்வு அதே காதில் நின்றால் சிக்கல் டிப் (காதுக்குள் போகும் மென்மையான உறை) பொருந்துவதிலோ காதிலோதான். சாய்வும் இடம் மாறினால், வயரைக் கழற்றி இரண்டு கூடுகளுக்கும் (காதில் நிற்கும் பகுதிகளுக்கும்) பக்கம் மாற்றிச் செருகுங்கள். மெலிந்த சத்தம் கூட்டோடு போனால் கூடு பழுது. வயரோடு போனால் வயரோ போனின் ஓட்டையோ பழுது, அதை வேறொரு போனில் செருகினால் தெரிந்துவிடும். இந்த மூன்று மாற்றங்களையும் செய்துவிட்டுப் போனால் கடையில் வாக்குவாதமே வராது.

0.78 மி.மீ. இரண்டு முள் வயரில் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பக்கத்தின் முட்கள் திருப்பிச் செருகப்பட்டால் அந்தப் பக்கத்தின் துருவம் மாறிவிடும். அப்போது குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிச் சிதறும், பேஸ் காணாமற் போகும். பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படும் ஐ.ஈ.எம்.களில் இப்படிப்பட்டவையும் உண்டு. முட்களைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிச் செருகினால் போதும்.

கடைசியாக 20 ஹேர்ட்ஸிலிருந்து 20 கிலோஹேர்ட்ஸ் வரை ஏறும் சைன் ஒலியொன்றை மிகக் குறைந்த வொல்யூமில் ஓடவிடுங்கள். 3 கிலோஹேர்ட்ஸ் அளவில் காது மிகவும் கூர்மையானது. முதலில் கேட்கவில்லையே என்று வொல்யூமைக் கூட்டினால் அங்கே அறைந்துவிடும். 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் மென்படலத்தில் முடியோ தூசியோ இருக்கிறது, அதை மாற்றி எடுக்கவேண்டும். காதில் செருகும்போது மட்டும் "டிக்" என்று கேட்டால் அது அடைபட்ட காற்று படலத்தை அமுக்கும் ஓசை. மெதுவாகச் செருகினால் குறையும்.

டிப்தான் பாதி ஒலி

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்கவேண்டாம். பேஸ் இல்லை, சத்தம் கூர்மையாகக் குத்துகிறது, அம்ப் வாங்கவேண்டுமா என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அடுத்த அளவு டிப். காதுக்குழாய் மூடப்படாவிட்டால் தாழ்ந்த ஒலியின் அமுக்கம் வெளியே கசிந்துவிடும். எந்த அம்ப்பாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

சோதனை எளிது. 40 ஹேர்ட்ஸ் ஒலியொன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, கூட்டை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் டிப் சிறியது, அல்லது ஆழம் போதாது. அழுத்தியும் மாற்றம் இல்லையென்றால் சரி. பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், தலையை இரு பக்கமும் திருப்புங்கள். அப்போதும் பேஸ் போகக்கூடாது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்றில் நடுத்தரமும் மற்றதில் பெரியதும் போட்டாலும் குறையில்லை.

ஆழம் மாறினால் உயர்ந்த ஒலியும் மாறும். டிப்பின் வாய்க்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்ட காற்றுக்கு ஒரு ஒத்ததிர்வு உண்டு, வழக்கமாக 8 கிலோஹேர்ட்ஸ் அளவில். ஆழமாகச் செருகினால் அது மேலே போகும், மேலோட்டமாக வைத்தால் கீழே இறங்கி "ஸ", "ச" ஒலிகளைக் குத்தவைக்கும். ஐ.ஈ.எம்.களின் ஒலி அளவு வரைபடங்களை ஒப்பிடுபவர்கள் 8 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள கோடுகளை அப்படியே நம்பாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஃபோம் டிப் நன்றாக அடைக்கும், உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் நமது வெக்கையில் வியர்வையை உறிஞ்சி விரைவில் இறுகிவிடும். தினமும் பஸ்ஸில் போடுபவருக்கு சிலிக்கன் டிப்தான் வசதி. கழுவித் துடைத்துக் காயவிட்டுப் போடலாம்.

பர்ன்-இன்: என்ன மாறுகிறது, என்ன மாறுவதில்லை

பெரிய ஸ்பீக்கரின் வூபரில் கூம்பைத் தாங்கும் துணிவளையமும் விளிம்பும் சில மணித்தியாலம் ஆடிய பிறகு கொஞ்சம் தளர்வது உண்மை, அளந்தும் காட்டலாம். அந்தப் பழக்கம்தான் ஹெட்போனுக்கும் இறங்கி வந்தது. ஆனால் ஐ.ஈ.எம்.முக்குள் இருக்கும் டைனமிக் ட்ரைவரோ (ஒலி எழுப்பும் பகுதி) சுமார் 10 மி.மீ. அகலமுள்ள மெல்லிய படலம். அதில் துணிவளையம் கிடையாது, அது அசையும் தூரமும் மிகச் சிறியது. தளர்வு இருந்தாலும், ஐ.ஈ.எம்.மைக் கழற்றி மறுபடி போடும்போது ஏற்படும் மாற்றத்துக்குள் அது மறைந்துவிடும். பலன்ஸ்ட் ஆமேச்சர் ட்ரைவரில் காந்த இடைவெளிக்குள் ஒரு சிறிய உலோக நாக்கு அசைகிறது. பழகித் தளர்வதற்கு அங்கே மென்மையான தாங்கியே இல்லை. ஆமேச்சர் மட்டும் உள்ள ஐ.ஈ.எம்.முக்கு நூறு மணித்தியாலப் பர்ன்-இன் சொல்பவரின் பேச்சை விட்டுவிடலாம்.

அப்படியானால் ஒரு கிழமை கழித்து "சத்தம் திறந்துவிட்டது" என்று இத்தனை பேர் சொல்வது ஏன்? அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கிழமைக்குள் எந்த டிப், எவ்வளவு ஆழம் என்று காது கண்டுபிடித்துவிடுகிறது. மூளை புதிய ஒலிச்சாயலுக்குப் பழகிவிடுகிறது. ஒலியின் நுண்ணிய வேறுபாடோ நினைவில் சில விநாடிகளே நிற்கும், போன ஞாயிற்றுக்கிழமை கேட்டதை இன்றைக்குக் கேட்பதோடு ஒப்பிட யாராலும் முடியாது.

சொல்வதை நம்பாமல் நீங்களே பார்க்க விரும்பினால், அம்ப்பும் அளவுக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மோனோவில் குரல் நடுவில் நிற்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். பிறகு போனின் ஒலிச் சமநிலையை முழுக்க இடப்பக்கம் தள்ளி, வழக்கமாகக் கேட்கும் அளவில் ஐந்தாறு இரவுகள் பாட்டை ஓடவிடுங்கள். இடப்பக்கம் நாற்பது ஐம்பது மணித்தியாலம் ஓடியிருக்கும், வலப்பக்கம் புதிதாகவே இருக்கும். சமநிலையை நடுவுக்குக் கொண்டுவந்து, மோனோவில் அதே குரலையும் அதே பேஸையும் கேளுங்கள். ஓட்டம் ஒலியை மாற்றியிருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக ஒலிக்கக்கூடாது, குரல் ஒரு பக்கம் நகர்ந்திருக்கவேண்டும். நினைவை நம்பத் தேவையில்லை, பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் உங்கள் இரு காதுகளில் இருக்கின்றன.

வெறுமனே ஓடவிட்டுத்தான் தீருவேன் என்றாலும் தடையில்லை, ஒரு எல்லைக்குள். கேட்கும் அளவை விட வொல்யூம் கூடக்கூடாது. சாதாரணப் பாட்டே போதும், தனியான பர்ன்-இன் ஒலிக்கோப்புகளுக்குக் காசு கொடுக்கவேண்டாம். முழு வொல்யூமில் இரவு முழுவதும் பேஸை அதிரவிட்டால் சுருள் சூடாகிப் பசை விடலாம், படலம் மடியலாம். அப்படிக் கெட்டது உத்தரவாதத்திலும் சேராது.

அம்ப் வேண்டுமா? முதலில் பெட்டியின் எண்களைப் பாருங்கள்

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) ஓமில், உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம்) டெசிபெல்லில். உணர்திறனைச் சிலர் ஒரு மில்லிவொட்டுக்குத் தருவார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்குத் தருவார்கள். இரண்டையும் நேரே ஒப்பிட்டால் தவறாகிவிடும். மில்லிவொட் எண்ணை வோல்ட் எண்ணாக்க 16 ஓமுக்கு 18, 32 ஓமுக்கு 15 கூட்டுங்கள். ஆக 16 ஓம், மில்லிவொட்டுக்கு 105 டெசிபெல் என்றிருப்பதும், 32 ஓம், மில்லிவொட்டுக்கு 108 என்றிருப்பதும் ஒரே வொல்யூமில் ஒரே சத்தம்தான் தரும்: இரண்டும் வோல்ட்டுக்கு 123.

இனித் தேவையைக் கணக்கிடலாம். 32 ஓம், மில்லிவொட்டுக்கு 105 டெசிபெல் உள்ள ஐ.ஈ.எம்.மை எடுப்போம். பாட்டின் உச்சத் தட்டல்களுக்கு 110 டெசிபெல் தாராளம். இன்னும் 5 டெசிபெல் ஏற 3.2 மில்லிவொட் வேண்டும், அதற்கு 0.32 வோல்ட் போதும். அப்பிளின் யூ.எஸ்.பி. சி டொங்கிள் (போனின் சார்ஜ் ஓட்டையில் செருகி ஹெட்போன் ஓட்டை தரும் சிறிய அடப்டர்) சுமார் 1 வோல்ட் தருகிறது, ஐரோப்பியச் சந்தைக்கானது 0.5 வோல்ட். இரண்டுமே போதும். பிளேனர் வகைகள் (தட்டையான படலத்தால் ஒலி எழுப்புபவை) கொஞ்சம் கூடக் கேட்கும்: 16 ஓமில் மில்லிவொட்டுக்கு 100 டெசிபெல் என்றால் அதே உச்சத்துக்கு 10 மில்லிவொட், அதாவது 0.4 வோல்ட்டும் 25 மில்லிஅம்பியரும். நல்ல டொங்கிள் ஒன்று இதையும் தாங்கும். சத்தம் கூடவேண்டும் என்பதற்காக ஐ.ஈ.எம்.முக்குப் பெரிய அம்ப் தேவைப்படுவது அரிது.

டொங்கிள் வாங்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தெருக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில அடப்டர்களுக்குள் சிப் எதுவும் இல்லை, வெறும் வயர்தான். யூ.எஸ்.பி. ஓட்டை வழியே அனலொக் ஒலியைத் தரும் சில போன்களில் மட்டும்தான் அவை வேலை செய்யும், மற்றவற்றில் மௌனம். உங்கள் போனிலேயே செருகிப் பாட்டுக் கேட்ட பிறகு காசைக் கொடுங்கள். அடுத்தது, அப்பிள் டொங்கிளை அன்ட்ரொயிட் போனில் செருகினால் பல போன்களில் சத்தம் மிகவும் குறைவாக இருக்கும். டொங்கிளுக்குள் இருக்கும் வொல்யூமைப் போன் முழுக்க உயர்த்தாததே காரணம். டொங்கிளின் வொல்யூமை நேரடியாகக் கட்டுப்படுத்தும் பாட்டுச் செயலியில் இது தீரும், ஆனால் யூடியூப்பில் தீராது. அன்ட்ரொயிட் வைத்திருப்பவர் வேறு டொங்கிள் எடுப்பதே நல்லது.

வெளியீட்டு இம்பீடன்ஸ்

அம்ப் பொருத்தம் என்று சொல்வதில் உண்மையான சாரம், அம்ப்பின் வெளியீட்டில் உள்ளேயே இருக்கும் இந்தத் தடையில்தான் இருக்கிறது. வொட் எண்ணிக்கையை விட இதைப் பாருங்கள். ஐ.ஈ.எம்.மின் இம்பீடன்ஸ் பெட்டியில் ஒரே எண்ணாக இருந்தாலும், பல ட்ரைவர் கொண்டவற்றில் அது ஒலிக்கு ஒலி மாறும். 1 கிலோஹேர்ட்ஸில் 8 ஓமாகவும் வேறோரிடத்தில் 40 ஓமாகவும் இருக்கும் ஒன்றை எடுப்போம். அம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால், 8 ஓம் உள்ள இடத்தில் 7 டெசிபெல் இழக்கிறது, 40 ஓம் உள்ள இடத்தில் 2 டெசிபெல்தான். ஒலியின் சாயலே 5 டெசிபெல் புரண்டுவிடுகிறது. அதே ஐ.ஈ.எம்.மை 1 ஓம் அம்ப்பில் செருகினால் வித்தியாசம் 0.8 டெசிபெல்லுக்குள் அடங்கும்.

ஐ.ஈ.எம்.மின் இம்பீடன்ஸை எட்டால் வகுங்கள், அம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் அதற்கு மேல் போகக்கூடாது. 16 ஓமுக்கு 2 ஓம். இப்போது வரும் நல்ல டொங்கிள்கள் பெரும்பாலும் 1 ஓம் அளவில் இருப்பதால் கவலையில்லை. வீட்டிலிருக்கும் பழைய ஸ்டீரியோ செற்றின் ஹெட்போன் ஓட்டை, மலிவான மிக்ஸர் போன்றவைதான் ஆபத்து. அவற்றில் நூறு ஓமுக்கு மேலும் தடை இருக்கலாம். ஒற்றை டைனமிக் ட்ரைவருக்கும் பிளேனருக்கும் இம்பீடன்ஸ் கோடு ஏறக்குறைய சமமாகவே போகும், அங்கே வொல்யூம் குறையுமே தவிரச் சாயல் அதிகம் மாறாது.

இந்த விளைவைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈ.ஆர்.4பி மொடலை 75 ஓம் அடப்டர் ஒன்று ஈ.ஆர்.4எஸ் ஆக்கிவிடும், உயர்ந்த ஒலி தூக்கலாகும். ட்ரூதியர் சீரோ ரெட் என்ற ஐ.ஈ.எம்.மின் பெட்டிக்குள் வரும் 10 ஓம் அடப்டரோ பேஸைக் கூட்டுகிறது. ஒரே வேலையைச் செய்யும் தடை ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் தூக்குவதற்கு, இரண்டின் இம்பீடன்ஸ் கோடுகளும் வேறு வேறு என்பதே காரணம். ஆகவே இரைச்சலைக் குறைக்க என்று கையில் கிடைத்த தடை அடப்டரைச் செருகினால் சாயலும் சேர்ந்து மாறும்.

அந்த இரைச்சல் அடுத்த விடயம். வோல்ட்டுக்கு 125 டெசிபெல் உணர்திறன் உள்ள ஐ.ஈ.எம்.மில், அம்ப்பின் 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் 25 டெசிபெல்லாகக் கேட்கும். இரவில், மின்விசிறி நின்ற அறையில் அது "ஸ்ஸ்" என்று தெளிவாகத் தெரியும். 2 மைக்ரோவோல்ட் என்றால் 11 டெசிபெல், கேட்காது. சோதிக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். பல டொங்கிள்கள் பாட்டு நின்றதும் வெளியீட்டைத் தாமாகவே மூடிவிடும். ஒலியே இல்லாத கோப்பொன்றை ஓடவிட்டுக் கேளுங்கள். கெயின் (பெருக்கும் அளவு) சுவிட்ச் இருந்தால் எப்போதும் குறைந்த நிலையில் வையுங்கள்.

மேசை அம்ப்பில் அனலொக் வொல்யூம் குமிழை அடியிலிருந்து சிறிது திருப்பும்போது ஒரு பக்கம் மட்டும் பெரிதாகக் கேட்கலாம். குமிழின் இரண்டு தடங்களும் அந்த அடிப்பகுதியில் சரியாக ஒத்துப்போகாததால் வருவது. லப்டொப்பில் ஒலியைச் சுமார் 20 டெசிபெல் குறைத்துவிட்டுக் குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். அம்ப்பைப் போட்ட பிறகே ஐ.ஈ.எம்.மைச் செருகுங்கள், அணைக்கும் முன் கழற்றுங்கள். போடும்போது வரும் அடி சிறிய ட்ரைவருக்கு நல்லதல்ல.

4.4 மி.மீ. பலன்ஸ்ட் வெளியீடு (இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக இயக்கும் ஓட்டை) வோல்ட்டை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும், 6 டெசிபெல் கூடும். ஐ.ஈ.எம்.முக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, இரைச்சலும் கூடவே வரலாம். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம்: 4.4 வயரை அடப்டர் மூலம் 3.5 ஓட்டையில் செருகலாம், 3.5 வயரை அடப்டர் மூலம் 4.4 ஓட்டையில் செருகவே கூடாது. இரண்டு பக்கத்தின் மறை முனைகளும் ஒன்றோடொன்று தொடுப்பாகி அம்ப் எரிந்துபோகலாம்.

லப்டொப்பில் "ம்ம்" என்ற இரைச்சல் கேட்டால் சார்ஜரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் குற்றம் டொங்கிளில் இல்லை. மூன்று முள் ப்ளக்கை ஏர்த் இல்லாத மல்டி ப்ளக்கில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய வட்டமுள் ஓட்டைகளும் புதிய சதுரமுள் ப்ளக்குகளும் கலந்திருக்கும் நமது வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். ஏர்த் உள்ள ஓட்டைக்கு மாற்றினால் இரைச்சலும், லப்டொப்பின் உலோகத்தில் கைபட்டால் வரும் கூச்சமும் பல நேரம் ஒன்றாகவே போகும்.

இரண்டு அம்ப்களை ஒப்பிடுவதென்றால்

கொஞ்சம் கூடிய சத்தம் "தெளிவு" என்றே காதில் படும். ஆகவே இரண்டின் அளவையும் 0.2 டெசிபெல்லுக்குள், அதாவது வோல்ட்டில் 2 வீதத்துக்குள், சமப்படுத்தாத ஒப்பீடு பயனற்றது. ஐ.ஈ.எம். செருகியபடியே, ஒரு ஓட்டையை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றின் மற்ற ஓட்டையில் மல்டிமீட்டரால் அளக்கலாம். 100 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிடுங்கள், மலிவு மீட்டர்கள் உயர்ந்த ஒலியில் பிழையாகக் காட்டும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் சிறிய மஞ்சள் மீட்டர் இதற்கு உதவாது: அதன் ஏ.சி. அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது, நமக்கு வேண்டியதோ மில்லிவோல்ட். ஏ.சி. மில்லிவோல்ட் காட்டும் மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அளக்கும்போது ஐ.ஈ.எம். காதில் இருக்கக்கூடாது.

ஒப்பீட்டைப் பஸ்ஸில் செய்யவேண்டாம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் எஞ்சின் உறுமல் தாழ்ந்த ஒலியை மூடிவிடும், எந்த ஐ.ஈ.எம்.மும் பேஸ் குறைந்ததாகவே தெரியும். அங்கே வொல்யூமைக் கூட்டிக் கூட்டிப் போகும் பழக்கம்தான் காதைக் கெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, கிழமைக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83க்கு 20 மணித்தியாலம், 89க்கு 5 மட்டும். வொல்யூமை வீட்டில் அமைதியாக இருக்கும்போது தீர்மானித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அது போதாமல் போனால் நன்றாக அடைக்கும் டிப்பைத் தேடுங்கள்.

ஈரம்

ஏ.சி. ஓபிஸிலிருந்து வெளியே வந்ததும் குளிர்ந்த கூட்டில் நமது ஈரக்காற்று படிந்து, ஒலி வரும் முனையின் வலைக்கண்ணி நீரால் அடைபடும். ஒரு பக்கம் திடீரென்று அடங்கிவிடும், பழுது என்றே தோன்றும். ஊதவோ ஹெயார் ட்ரையர் பிடிக்கவோ வேண்டாம். சூடு பசையை இளக்கும். டிப்பைக் கழற்றி, மூடியிறுக்கக்கூடிய டப்பியில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரவு முழுவதும் வையுங்கள். காலையிலும் அடங்கியே இருந்தால் கண்ணியை வெளிச்சத்தில் பிடித்துக் குறும்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே விழும். மரைன் ட்ரைவ் பக்கம் குடியிருப்பவர்கள் முட்களில் பச்சை படிகிறதா என்று மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு செருகுங்கள்.